அக்காவுக்கு உழைப்பு, தம்பிக்கு மூளையா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 462 மார்க் வாங்கியிருக்கிறாள். கணக்கில் 97. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் வேண்டும் என்கிறாள். எங்கள் ஊர் மகளிர் பள்ளியில் அந்த குரூப் இல்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி, பையன்களும் படிக்கும் அரசுப் பள்ளியில் இருக்கிறது. என் கணவர் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். "மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குற புள்ளை. மேத்ஸ் குரூப்பெல்லாம் தாங்காது. பக்கத்திலேயே காமர்ஸ் சேரட்டும்" என்கிறார்.

மகன் எட்டாம் வகுப்பு. எல்.கே.ஜி.யிலிருந்து மெட்ரிக் பள்ளி, வருஷத்துக்கு 40 ஆயிரம் கட்டுகிறோம். பாதிப் பாடத்தில் ஃபெயில். நல்ல மூளை, ஆனால் சோம்பேறி. கணக்கை நான் படித்துக் காட்டினால் வாயாலேயே விடை சொல்லுவான், எழுதச் சொன்னால் ஓடிவிடுவான். நோட்டு முழுக்கப் படம் வரைகிறான். அதைப் பார்த்து ஒரு சார் வகுப்பில் எல்லார் முன்னாலும், "நீ பொண்ணுங்களோட போய்க் கோலம் போடு" என்று சொல்லி அடித்திருக்கிறார். அன்றிலிருந்து பள்ளி என்றாலே வயிற்று வலி என்கிறான். அழுகிறான். அவன் அப்பாவோ, "ஆம்பளப் பையன் அழறதா? ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டாத்தான் சரிப்படுவான்" என்கிறார். அவன் நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மாலையில் மகள் சமையலில் எனக்கு உதவி செய்துவிட்டு எட்டு மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் தொடுவாள். ஆனாலும் மார்க் வாங்கிவிடுவாள். அவளை எந்த குரூப்பில் சேர்ப்பது? இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், பிளஸ் ஒன் சேர்க்கை யாருக்காகவும் காத்திருக்காது. மகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேருங்கள். மகனை இப்போது ஹாஸ்டலில் சேர்க்காதீர்கள். ஏன் என்பதை இனி விரிவாகப் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்று நின்று படித்தேன். மகள் கணக்கில் 97 வாங்கினால் அது மனப்பாடம். மகன் ஃபெயிலானால் அவனுக்கு மூளை இருக்கிறது, உழைப்புதான் இல்லை. மார்க் ஷீட் இரண்டையும் பெயரை மறைத்து ஒரு வெளியாளிடம் கொடுத்து, இதில் யாருக்குக் கணக்கு வருகிறது என்று கேட்டால் என்ன சொல்வார்? உங்கள் வீட்டில் மட்டும் பதில் ஏன் தலைகீழாக இருக்கிறது?

இது உங்கள் வீட்டு விசித்திரம் இல்லை. பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்டால் இதே இரண்டு வாக்கியங்கள் மாறி மாறி வரும். "இவ நல்லா படிப்பா சார், கஷ்டப்பட்டுப் படிப்பா." "இவனுக்கு மூளை இருக்கு சார், உட்கார்ந்து படிச்சான்னா எங்கேயோ போயிடுவான்." அமெரிக்காவில் 1988-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கணக்கில் நன்றாகச் செய்யும் மகனைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் திறமையைக் காரணம் சொன்னார்கள், அதே அளவு செய்யும் மகளைப் பற்றிப் பேசும்போது உழைப்பைக் காரணம் சொன்னார்கள். கேட்க இரண்டுமே பாராட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் உழைப்பால் வந்த மார்க் என்று நினைத்துவிட்டால், அடுத்த வகுப்பில் பாடம் கடினமாகும்போது "இதுக்கு மேல இவளால முடியாது" என்று முடிவு கட்டுவது ரொம்பச் சுலபம். உங்கள் கணவர் "தாங்காது" என்று சொன்னது அங்கிருந்துதான் வருகிறது.

குழந்தைகளும் இதைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். 2017-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ரொம்ப ரொம்பப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, இது யார் என்று ஆண், பெண் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஐந்து வயதில் பெண்பிள்ளைகள் பெண்ணையும் பையன்கள் ஆணையும் காட்டினார்கள். ஆறு வயதுக்குள் பெண்பிள்ளைகளிடம் அது குறையத் தொடங்கிவிட்டது. ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னதும் அதில் சேரவும் அவர்களுக்கு ஆர்வம் குறைந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பள்ளியில் நல்ல மார்க் வாங்குவது யார் என்று கேட்டபோது, அதே பெண்பிள்ளைகள் பெண்களைத்தான் சொன்னார்கள். அதாவது மார்க் எங்களுடையது, மூளை அவர்களுடையது என்று ஆறு வயதிலேயே பிரித்து வைத்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் ஒவ்வொரு மே மாதமும் "வழக்கம்போல மாணவியரே அதிகத் தேர்ச்சி" என்று செய்தி வரும். 2025-ல் பத்தாம் வகுப்பில் மாணவியர் 95.88 சதவீதம், மாணவர் 91.74 சதவீதம் தேர்ச்சி. பிளஸ் டூவில் மாணவியர் 96.70, மாணவர் 93.16. இதைப் பார்த்துவிட்டு, பெண்பிள்ளைகளுக்கு இனி என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. குரூப் பிரிக்கும் இடத்திலும் கல்லூரி தேர்ந்தெடுக்கும் இடத்திலும் போய்ப் பார்த்தால் குறை தெரியும். ஐ.ஐ.டி.களில் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்ததால்தான் 2018 முதல் அவர்களுக்கென்று கூடுதல் இடங்கள் ஒதுக்க வேண்டி வந்தது. பள்ளியில் முந்தி வந்த பெண்கள் எங்கே போனார்கள்? பலரை வீட்டிலேயே, உங்கள் கணவரைப் போன்ற அக்கறையுள்ள அப்பாக்கள், "பக்கத்திலேயே படிக்கட்டும்" என்று நிறுத்திவிட்டார்கள்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய பயம் பாதி பஸ்ஸைப் பற்றியது, பாதி பையன்கள் படிக்கும் பள்ளியைப் பற்றியது. அதைப் பேசித் தீர்க்கலாம். குரூப் விஷயத்தை அவரிடம் சமத்துவம், உரிமை என்று தொடங்காதீர்கள், சண்டையில்தான் முடியும். கடை வைத்திருப்பவர், கணக்குத் தெரிந்த மனிதர். கணக்காகவே பேசுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். இதைப் படித்த பெண் பின்னால் மனம் மாறி பி.காம். சேரலாம், சி.ஏ. படிக்கலாம், சட்டம் படிக்கலாம். காமர்ஸ் படித்தவள் பின்னால் மனம் மாறி தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்துத்தான் அங்கே கட்-ஆஃப் போடுகிறார்கள். காமர்ஸ் மட்டமான படிப்பு என்று சொல்லவரவில்லை. அதை விரும்பி எடுக்கும் பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. உங்கள் மகள் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது பணம். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே முடித்தால் பொறியியல், சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுவாள். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். உங்கள் உறவினர் யாராவது, "இவ்வளவு மார்க் வாங்கின புள்ளையை நாமக்கல் பக்கம் ஏதாவது பிரைவேட் ஸ்கூல்ல போடுங்க" என்று சொல்ல வருவார்கள். நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஒதுக்கீடு போய்விடும். வருஷம் 40 ஆயிரம் கட்டிப் படிக்க வைக்கும் மகனுக்கு இல்லாத வாய்ப்பு, ஒரு ரூபாய் கட்டாத மகளுக்கு இருக்கிறது. இதை உங்கள் கணவர் கணக்குப் போட்டே பார்த்திருக்க மாட்டார்.

(மகனை மெட்ரிக் பள்ளிக்கும் மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்பியது ஏன் என்று நான் கேட்கவில்லை. நாட்டில் நிறைய வீடுகளில் அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் இருவரும் ஒரு முறையாவது அதைப் பற்றிப் பேசிக்கொள்வது நல்லது.)

எட்டு கிலோமீட்டர் விஷயம். சேர்க்கைக்கு முன்னால் ஒரு நாள் நீங்களும் மகளும், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு, பள்ளி விடும் நேரத்துக்கு அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை மணிக்கு பஸ், கூட்டம் எப்படி, உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து எந்தெந்தப் பிள்ளைகள் வருகிறார்கள், ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று விசாரியுங்கள். அந்த வழியில் வரும் ஒன்றிரண்டு பெண்பிள்ளைகளின் அம்மாக்களிடம் போன் நம்பர் வாங்கி வையுங்கள். பஸ் பாஸும் உண்டு, பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிளும் உண்டு. சைக்கிள் என்றதும் ஞாபகம் வருகிறது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண்களுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நான்கைந்து பெண்கள் சேர்ந்து சைக்கிளில் போனதால் பாதுகாப்பும் கூடியது, பெண்பிள்ளை தனியாக வெளியூர்ப் பள்ளிக்குப் போவதா என்ற பேச்சும் குறைந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. தூரம் உண்மையான பிரச்சினைதான். ஆனால் வழி பண்ணினால் தீர்கிற பிரச்சினை.

பையன்களும் படிக்கும் பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயம் வேண்டாம், ஆனால் கவனிக்க ஒன்று உண்டு. லேபில் பையன்கள் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு பரிசோதனை செய்வார்கள், பெண்கள் பக்கத்தில் நின்று அளவைக் குறித்துக்கொள்வார்கள். சாயங்காலம் ரெக்கார்ட் நோட்டை அழகாக எழுதிப் படம் போடுவதும் பெண்கள்தான், சில இடங்களில் பையன்களின் ரெக்கார்டையும் சேர்த்து. விழா என்றால் பெண்களுக்குக் கோலமும் சந்தனத் தட்டும், பையன்களுக்கு பெஞ்சு தூக்குவதும் மைக் செட் கட்டுவதும். யாரும் உத்தரவு போட்டு நடப்பதில்லை. அது பாட்டுக்கு நடக்கும். கணினி லேபிலும் இதேதான், இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் கீபோர்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பாதி நேரம் கீபோர்டு உன் கையில் இருக்க வேண்டும், கேட்டு வாங்கு.

இப்போது அந்த எட்டு மணி விஷயம். "ஆனாலும் மார்க் வாங்கிவிடுவாள்" என்று எழுதியிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு வரை அது நடந்தது. பிளஸ் ஒன் இயற்பியலும் கணக்கும் எட்டு மணிக்கு மேல் களைத்துப்போய் உட்கார்ந்து படிக்கும் பாடம் இல்லை. அப்போது அவள் தடுமாறினால், "பார்த்தியா, தாங்காதுன்னு நான் சொன்னேன்ல" என்பார் அவள் அப்பா. உண்மையில் அவளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் குறைவாக இருந்திருக்கும், வேறொன்றுமில்லை. 2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. அந்தப் பழக்கம் பத்து வயதில் யார் பாத்திரத்தை எடுத்துக் கழுவுகிறார்கள் என்பதில் தொடங்குகிறது.

தீர்வு எளிது, செய்வதுதான் கஷ்டம். வேலையைப் பிரியுங்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அரிசி களையத் தெரிய வேண்டும், தேங்காய் துருவத் தெரிய வேண்டும், தான் சாப்பிட்ட தட்டைக் கழுவத் தெரிய வேண்டும். தண்டனையாகக் கொடுக்காதீர்கள். அக்காவுக்கு இந்த வருஷம் பாடம் அதிகம், இது உன் வேலை, அது அவள் வேலை என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வரை அவள் புத்தகத்தோடு உட்காரட்டும். மாமியார் இருந்தால் இரண்டு நாள் முணுமுணுப்பார். இருக்கட்டும்.

சரி, இனி உங்கள் மகன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தவன் அவன்தான்.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் வரைந்திருக்கும் லாரி அபாரம், டயரின் போல்ட் வரைக்கும் விட்டுவைக்கவில்லை. அதை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள். "கொடி" என்று எழுத வந்த இடத்தில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டிருக்கிறான். மெய்யெழுத்துகளில் பாதிக்குப் புள்ளி இல்லை. "வெள்ளம்" என்ற சொல் அந்த ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது. சோம்பேறிப் பையன் எழுதாமல் விடுவான், ஒரே சொல்லை மூன்று விதமாக எழுத மாட்டான். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது நடுவில் ஒரு வரியையே விட்டிருக்கிறான். இத்தோடு நீங்கள் சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள்: கணக்கைப் படித்துக் காட்டினால் வாயாலேயே விடை சொல்கிறான். அப்படியானால் கணக்கு அவனுக்கு வருகிறது. கணக்கு எழுதியிருக்கும் அந்த நான்கு வரியைப் படிப்பதுதான் வரவில்லை.

ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு நான் எந்த முடிவும் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. பார்வைக் குறைவாகக்கூட இருக்கலாம், முதலில் கண்ணைச் சோதியுங்கள். ஆனால் டிஸ்லெக்சியா என்று சொல்லும் வாசிப்புக் குறைபாடாக இருக்க வாய்ப்பு இருக்கிறது, உடனே பரிசோதிக்க வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. அடித்தோ ஹாஸ்டலில் போட்டோ சரிசெய்ய முடியாது. சரியாகச் சொல்லிக்கொடுத்தால் நிறைய முன்னேற்றம் கிடைக்கும்.

எட்டு வருஷமாக இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? பையன்களுக்கு ஒரு விளக்கம் தயாராக இருப்பதால்தான். பையன்னா சேட்டை பண்ணுவான், பையன்னா எழுத்து கோழி கிறுக்கினமாதிரி இருக்கும், பையன்னா கடைசி நேரத்தில் படித்துப் பாஸ் பண்ணிடுவான். உங்கள் மகள் இரண்டாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் நீங்களே பதறியிருப்பீர்கள், இல்லையா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1990-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஆய்வு. இரண்டாம் வகுப்பில் வாசிப்புப் பிரச்சினை உள்ளவர்கள் என்று பள்ளிகள் குறித்துவைத்த பிள்ளைகளில், பையன்களின் விகிதம் பெண்களைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே உட்காரவைத்துச் சோதித்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமம். பிரச்சினை இருந்த பெண்பிள்ளைகள் அமைதியாக இருந்ததால் விட்டுப்போயிருக்கிறார்கள், வகுப்பைக் கலைத்த பையன்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். அங்கே சேட்டை செய்த பையனைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நம் பள்ளிகளில் பல இடங்களில் அவனை வெளியே முட்டி போட வைப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அமைதியான பெண்ணின் கதையோ, "சுமாராப் படிக்கும், தங்கமான புள்ளை" என்று முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் மகள் நன்றாகப் படிப்பதால் இந்த இரண்டாவது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் தெரிந்த வீட்டில் அப்படியொரு தங்கமான பிள்ளை இருந்தால் அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்த ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். அடித்தது சட்டப்படி தவறு. இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். "பொண்ணுங்களோட போய்க் கோலம் போடு" என்று வகுப்பின் முன்னால் சொன்னது மனத் துன்புறுத்தலில் வரும். அந்த ஒரு வாக்கியம் உங்கள் மகனைக் கேவலப்படுத்தியது, அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கேவலப்படுத்தியது. அவர்கள் செய்வது கேவலம் என்றுதானே அதற்குப் பொருள்?

பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட வேண்டாம். முதல்வரிடம் நேரம் கேட்டு, நீங்கள் இருவரும் சேர்ந்து போங்கள். இந்தத் தேதியில் இது நடந்தது, அன்றிலிருந்து பையன் வயிற்று வலி என்கிறான், இனி இப்படி நடக்காது என்று உறுதி வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சரிவரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஒரு பக்கக் கடிதமே போதும்.

வயிற்று வலி நடிப்பு இல்லை. பயத்தில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். திங்கட்கிழமை காலையில் அதிகம் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. அவன் அழும்போது அவன் அப்பா "ஆம்பளப் பையன் அழறதா" என்று சொல்வதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. அழாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பையன் அழுவதைத்தான் நிறுத்துவான். அடி வாங்கியதை வீட்டில் சொல்வதையும் நிறுத்திவிடுவான். மார்க் ஷீட்டை ஒளிப்பான், கையெழுத்தைத் தானே போடுவான், ஒரு நாள் பள்ளிக்கென்று கிளம்பிப் பள்ளிக்குப் போகாமல் இருப்பான். பதின்மூன்று வயதில் வீட்டில் அழுகிற பையன் உங்களை இன்னும் நம்புகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். உங்கள் மாவட்டத்து ஹாஸ்டல் பள்ளிகள் எதற்குப் பெயர்போனவை என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். விடிகாலை எழுப்பி இரவு வரை படிக்க வைப்பார்கள். படிக்க முடிந்த பிள்ளைக்கே அது மூச்சு முட்டும். எழுத்து கூடாத பிள்ளையை அங்கே போட்டால், வாசிக்க முடியாததை இன்னும் நான்கு மணி நேரம் கூடுதலாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். கண்டிப்பு போதாததால் அவன் இப்படி ஆகவில்லை.

உங்கள் கணவரிடம் இதை எப்படிப் பேசுவது? ஒரு வழி சொல்கிறேன். அவர் கடையில் இருக்கும் நேரத்தில் மகனை அனுப்பி, ஸ்டாக் எண்ணச் சொல்லிப் பாருங்கள். வாயால் கேட்டால் எந்த ரேக்கில் எத்தனை பேரிங் என்று சொல்லிவிடுவான் என்றே நினைக்கிறேன். பிறகு அதையே பில் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லட்டும். எங்கே சிக்குகிறது என்பது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்துவிடும். நானோ நீங்களோ சொல்வதைவிட அவர் தானாகப் பார்ப்பது நல்லது. மகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிப்போய் ஜி.எஸ்.டி. கணக்கைப் போடச் சொல்லலாம். மனப்பாடம் செய்கிறவளா, யோசிக்கிறவளா என்பது அரை மணி நேரத்தில் தெரியும்.

அவர் மாறுவாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்துக்கு நடுவில் அந்தச் சந்தேகம் தெரிந்தது. நாற்பது வயதுக்காரர் ஒரே பேச்சில் மாறுவார் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பிள்ளைகள் மாறுவார்கள். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பாதியில் ஏழு, எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டரை வருஷம் மாணவ மாணவியரோடு ஆண், பெண் வேறுபாடுகளைப் பற்றி வகுப்பறையிலேயே கலந்துரையாடல் நடத்தினார்கள். சீமா ஜெயச்சந்திரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிற்போக்கான கருத்துகளில் 16 சதவீதம் மாறியிருந்தன. பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கைகொடுப்பதாகவும் சொன்னார்கள். ஹரியானாவிலேயே இது நடந்தது என்றால், உங்கள் வீட்டில் அரிசி களையும் வேலையிலிருந்து தொடங்க முடியாதா?

கடைசியாக, எங்கே போவது, என்ன கொண்டுபோவது. கண் பரிசோதனை முடிந்ததும் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள், பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் வளர்ச்சி, கற்றல் குறைபாடுகளைப் பார்க்கும் மையம். கட்டணம் கிடையாது. உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், முதலில் அவரைப் பார்த்தாலும் வழி சொல்வார். கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் வரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

போகும்போது இந்த வருஷத்து நோட்டு மட்டும் போதாது. பரணில் இருந்தால் இரண்டாம், மூன்றாம் வகுப்பு நோட்டுகளையும், தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பாடத்துக்கு ஒன்றாக எடுத்துப்போங்கள். எத்தனை வயதில் பேசினான், வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் எழுதப் படிக்கச் சிரமம் இருந்ததா என்று கேட்பார்கள். கணவரையும் அவர் அம்மாவையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், இது குடும்பத்தில் வருவது உண்டு. மகளுடைய விண்ணப்பத்தை அதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட் நகல், ஆதார் நகல், போட்டோ தயாராக இருக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் இப்போதே பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், இரண்டு வருஷம் கழித்து அலைய வேண்டாம்.